முன்னாள் சம்பந்தி

லிஃப்ட் பழுதாகி அன்று நான்காவது நாள். எக்ஸ்ரேக்கா வேலை முடிந்து வந்து, இரண்டு கையிலும் பை தொங்கத் தொங்கப் படியேறினாள். வீடு மூன்றாவது மாடியில். இரண்டாவது மாடித் திருப்பத்திலேயே கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. யாரோ ஒருவர் வீட்டு வாசலில் இருந்த செருப்பு ஸ்டாண்டின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அது கனம் தாங்காமல் முனகியது. சத்தம் கேட்டுக் கதவைத் திறந்த ஒரு பெண்மணி, "யாரைப் பாக்கணும்?" என்றாள்.

"யாரையும் இல்லைங்க. நான் மேல் வீடு."

"அப்படியா? எப்ப குடி வந்தீங்க?"

"ஒன்பது வருஷம் ஆச்சு" என்று சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு இரண்டு முறை மூச்சு வாங்கியது.

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரிலிருந்து தரை துடைக்கிறவர் வரை எல்லாருக்கும் அவள் எக்ஸ்ரேக்காதான். வயது ஐம்பத்து நான்கு. ஒரு நாளைக்கு நாற்பது பேரிடமாவது, "மூச்சை நல்லா இழுங்க... அப்படியே பிடிங்க... ம், விடுங்க" என்று சொல்கிறவள். சொல்லும்போது தானும் கூடவே பிடிப்பது அவளுக்குப் பழக்கம். மறுநாள் காலை ஒரு வயதான மனிதரை நிறுத்திவைத்து அப்படிச் சொன்னபோது, அவர் திடமாக நின்றுகொண்டிருந்தார். இவளுக்குத்தான் முதலில் மூச்சு விட்டுப்போயிற்று. அவர் வேறு, "உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?" என்று விசாரித்தார்.

கட்டடத்தின் கீழ்த்தளத்தில், தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில், மகனுடைய சைக்கிள் நின்றிருந்தது. அவன் வேறு ஊருக்கு வேலைக்குப் போய் இரண்டு வருடமாகிறது. டயர் இரண்டும் தரையோடு ஒட்டிக் கிடந்தன. எக்ஸ்ரேக்கா அதைத் தள்ளிக்கொண்டே போய்த் தெருமுனைக் கடையில் விட்டாள்.

"யாருக்கும்மா, பேரனுக்கா?" என்று கேட்டார் சைக்கிள்காரர்.

"எனக்கு."

அவர் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு சீட்டை இறக்கினார். மறுபடி பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் இறக்கினார். "கியர் போடத் தெரியுமா?"

"நான் படிக்கும்போது ஓட்டினது ஒரே கியர் வண்டி. அந்தக் கியரும் என் கால்தான்."

"இப்பவும் அதேதாம்மா. இது சும்மா காலை ஏமாத்துறதுக்கு" என்று சொல்லி எண்ணெய் விட்டுக் கொடுத்தார்.

மகனுடையது குறுக்குக் கம்பி வைத்த வண்டி. அதைத் தாண்டிக் காலைப் போடுவதே முதல் உடற்பயிற்சியாக இருந்தது. நடைபாதை ஓரத்தில் வண்டியைச் சாய்த்து, மேலே ஏறி நின்று, ஒருவழியாகக் காலை அந்தப் பக்கம் கொண்டுபோனாள். முப்பது வருடத்துக்குப் பிறகும் உடம்பு சமநிலையை மறந்திருக்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் மறந்திருந்தது. முதல் நாள் கட்டடத்தைச் சுற்றி ஒரு சுற்று. இரண்டாம் நாள் உட்காரவே முடியவில்லை. உட்காருகிற இடத்தில் இரண்டு எலும்பு இருக்கிறது. அதை அவள் ஆயிரம் தடவையாவது படம் பிடித்திருப்பாள். தன்னிடமும் அது உண்டு என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஒரு வாரத்தில் மார்க்கெட் வரை போனாள். மூன்று வாரத்தில் ஆற்றுப் பாலம் வரை. பாலத்தின் ஏற்றத்தில் இறங்கித் தள்ளினாள். அப்படித் தள்ளும்போது, கைபேசியில் பேசியபடி சாவகாசமாக நடந்து வந்த ஒருவர் அவளை முந்திக்கொண்டு போனார். பாலத்தைத் தாண்டினால் கடலோரச் சாலை. வீடு கிடையாது, மரம் கிடையாது, காற்று மட்டும் உண்டு. அங்கேதான் ஆறாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் அதைப் பார்த்தாள்.

அலை வடிந்த நேரம். சாலைக்குக் கீழே கெட்டியான மணல்வெளி கண்ணுக்கெட்டிய வரை விரிந்து கிடந்தது. வானத்தில் ஏழெட்டுப் பட்டங்கள், ஒவ்வொன்றும் கட்டில் விரிப்பு அளவுக்கு. சிலர் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் பலகை மேல் வழுக்கிப் போனார்கள். ஒருவர் மட்டும் மணலில், தரையோடு தரையாக இருந்த மூன்று சக்கர வண்டியில் உட்கார்ந்து, கால்களால் முன்சக்கரத்தைத் திருப்பிக்கொண்டு, பட்டம் இழுக்க இழுக்கப் பறந்து வந்தார். எக்ஸ்ரேக்கா சாலையோரம் காலை ஊன்றி வேடிக்கை பார்த்தாள். வண்டி அவளுக்கு நேர் கீழே வந்து நின்றது. பட்டம் மெல்ல இறங்கி மணலில் படுத்தது. ஓட்டியவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். நரைத்த தலை. காதோரம் பென்சில் செருகியிருந்தது.

சம்பந்தியம்மா.

எக்ஸ்ரேக்காவுக்கு முதலில் தோன்றியது, ஓடிவிட வேண்டும் என்பதுதான். சைக்கிளைத் திருப்பினாள். திருப்பிய பிறகுதான், இவ்வளவு நேரம் தன்னை முதுகில் தள்ளிக்கொண்டு வந்தது காற்று என்பது புரிந்தது. இப்போது அதே காற்று நெஞ்சில் கைவைத்துத் தடுத்தது. முழு மூச்சாக மிதித்தாள். பக்கத்திலிருந்த மைல்கல் பக்கத்திலேயே இருந்தது. பதறிப்போய்க் கியரை மாற்றினாள். செயின் கழன்று தொங்கியது. தப்பித்து ஓடுவதற்கும் ஒரு வேகம் வேண்டியிருக்கிறது.

சம்பந்தியம்மா நடந்துதான் வந்தார். அவசரமே இல்லை. வந்து, குனிந்து, செயினைப் பார்த்தார். "செயினைச் சின்னப் பல்சக்கரத்துக்குக் கொண்டு வரும்போது மிதிக்கிறதைக் கொஞ்சம் லேசாக்கணும்" என்றார். தையல்காரர் கை. ஊசியில் நூல் கோக்கிற மாதிரி இரண்டு விரலால் எடுத்து மாட்டிவிட்டார். விரலில் மசியோடு நிமிர்ந்தவர், "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, அதற்கு அப்புறம் வர வேண்டிய வார்த்தைக்காக ஒரு கணம் காத்திருந்தார். அது வரவில்லை.

அந்த வார்த்தைக்கு என்ன செய்வது? கல்யாணம் நிச்சயமான நாளிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் 'சம்பந்தியம்மா' என்றுதான் கூப்பிட்டார்கள். பிரிந்த புருஷன் பெண்டாட்டியை 'முன்னாள்' என்று சொல்ல ஊரே பழகிவிட்டது. முன்னாள் சம்பந்தி என்று யாரும் யாரையும் அறிமுகப்படுத்திக் கேட்டதில்லை. கோர்ட்டு பிரித்துவைத்தது இரண்டு பேரைத்தான். சம்பந்திகளைப் பற்றி உத்தரவில் ஒரு வரிகூடக் கிடையாது. கடைசியில் இருவரும் 'ஏங்க' என்பதில் போய் நின்றார்கள். மனசுக்குள் மட்டும் எக்ஸ்ரேக்காவுக்கு அவர் இன்னமும் சம்பந்தியம்மாதான்.

"ஏங்க, நீங்க எப்படி இதுல?" என்று பட்டத்தைக் காட்டிக் கேட்டாள்.

"கார் உறை தைக்கிற கடைதானே நம்மளுது. இந்தப் பட்டக்காரங்க கிழிஞ்சதைக் கொண்டாந்து தைக்கக் கொடுத்தாங்க. தையல் தாங்குதான்னு பாக்கத்தான் முதல் தடவை பிடிச்சேன். தையல் தாங்குச்சு. நான்தான் தாங்கல. முப்பது அடி மண்ணுல தேச்சுக்கிட்டே போச்சு." சொல்லிவிட்டுச் சிரித்தார். "மறுநாளும் போனேன்."

விடைபெற்றபோது, "காத்து எந்தப் பக்கம்னு பாத்துட்டுக் கிளம்புங்க. வரும்போது எதிர்காத்து இருக்கணும், போகும்போது பின்காத்து. நீங்க உல்டாவா வர்றீங்க" என்றார்.

வழியெல்லாம் எக்ஸ்ரேக்கா ஒன்றைத்தான் யோசித்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளினாள். பிரிந்த பிள்ளைகளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கடைசியாக இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்தது, விவாகரத்துக்கு முன் நடந்த சமரசப் பேச்சுவார்த்தை நாளில். கல்யாணமாகி இரண்டரை வருடம் ஆகியிருந்தது. மகன் அடிக்கிறவன் இல்லை, குடிக்கிறவன் இல்லை. பேசமாட்டான், அவ்வளவுதான். ஏதாவது பிடிக்கவில்லை என்றால் வாய் பூட்டிக்கொள்ளும். ஒரே வீட்டில், ஒரே மேஜையில், எதிரே ஆள் இருப்பதே தெரியாதவன் போல நாட்களைக் கடத்துவான். மருமகள் ஒரு நாட்காட்டியைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தாள். பேசாத நாட்களுக்கெல்லாம் சிவப்புப் புள்ளி. ஒருமுறை பத்தொன்பது, ஒருமுறை முப்பத்து மூன்று. சமரசம் பேச வந்த அம்மாள் எக்ஸ்ரேக்காவைப் பார்த்து, "உங்க பையனுக்கு முன்னாடியே இந்தப் பழக்கம் உண்டா?" என்று கேட்டாள்.

"இல்லைங்க. சின்னதுலேந்து எல்லார்கிட்டயும் கலகலன்னு பேசுற பிள்ளை" என்றாள் எக்ஸ்ரேக்கா.

அதற்குப் பிறகு அந்த நாட்காட்டியை யாரும் புரட்டவில்லை. மருமகள் அதைச் சுருட்டித் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எக்ஸ்ரேக்கா கைபேசியில் காற்றுப் பார்த்துவிட்டுக் கிளம்பினாள். வேண்டாம் என்றுதான் மனசு சொன்னது. கால் பாலத்தைத் தாண்டிவிட்டது. அதற்கடுத்த வாரமும் போனாள். சம்பந்தியம்மா மணலில் பட்டத்தை விரித்ததும் ஓரத்தில் நின்று தூக்கிப் பிடித்துக் கொடுப்பது அவள் வேலையாயிற்று. நாலு நூல், இரண்டு கைப்பிடி. மேல்நூலை இழுத்தால் எழும், கீழ்நூலை இழுத்தால் அடங்கும். ஒருநாள், "நீங்களும் பிடிங்க" என்று சம்பந்தியம்மா கைப்பிடிகளை அவளிடம் நீட்டினார். "பயமா இருந்தா கையை விட்டுடுங்க. மணிக்கட்டுல கட்டியிருக்கிற கயிறு அதைக் கீழே இறக்கிடும்." பட்டம் எழுந்தது. பயம்தான். ஆனால் பயத்தில் கை இன்னும் இறுகியது. எக்ஸ்ரேக்கா நாலு எட்டு ஓடி, மண்டியிட்டு, குப்புற விழுந்து, வயிற்றால் மணலை உழுதுகொண்டு போனாள். "விடுங்க! விடுங்க!" என்று பின்னாலேயே ஓடி வந்தார் சம்பந்தியம்மா. கடைசியில் விட்டாள். வாயெல்லாம் மணல். எழுந்து உட்கார்ந்து துப்பினாள். இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. பேச வராமல் ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். அப்படிச் சத்தம் போட்டுச் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று என்று பிறகு நினைத்துப் பார்த்தாள். கணக்கு வரவில்லை.

சைக்கிளிலும் முன்னேற்றம் இருந்தது, நத்தை முன்னேற்றம். பாலத்தில் இறங்கும் இடம் வாரத்துக்கு ஒரு விளக்குக் கம்பம் தள்ளிப்போனது.

மகன் ஞாயிறு மாலைகளில் கூப்பிடுவான். அவனிடம் அவள் உற்சாகமாகச் சொன்னாள். "உன் சைக்கிள்லதான்டா போறேன். கடல் வரைக்கும்."

"நீயா? நம்பவே முடியலம்மா" என்று சிரித்தான். "தனியாவா போற?"

"போறது தனியாத்தான். அங்க ஒருத்தர் பட்டம் விடுறாங்க. அவங்களோட கொஞ்ச நேரம்." அதோடு நிறுத்தியிருக்கலாம். "அவங்க யாருன்னா... அவளோட அம்மா."

"ஓ" என்றான் மகன். "சரி, வேலை இருக்கு."

அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு கூப்பிடவில்லை. இவள் கூப்பிட்டால் மணி அடித்து ஓய்ந்தது. செய்தி அனுப்பினால் படித்துவிட்டதற்கு அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. உடம்புக்கு முடியவில்லையோ என்று அவன் கூட்டாளியைக் கூப்பிட்டுக் கேட்டாள். "நல்லாத்தான் இருக்கான் ஆன்ட்டி, நேத்துகூட எங்களோடதான் இருந்தான்" என்றான் அவன்.

எக்ஸ்ரே அறையில், படத்தைக் கழுவிக் காயப்போட்ட காலத்துப் பழைய ஆணியில் ஒரு நாட்காட்டி தொங்கியது. ஒருநாள் மதியம், யாரும் இல்லாத நேரத்தில் அதைப் பார்த்த எக்ஸ்ரேக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினொரு தேதிகளின் மூலையில் பென்சில் புள்ளி இருந்தது. வைத்தது அவள்தான். வைத்தது நினைவில் இல்லை.

கதவைச் சாத்திவிட்டு, நோயாளிகள் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்தாள். பதினொரு நாளுக்கே கை தானாகப் புள்ளி வைக்க ஆரம்பித்துவிட்டது. அந்தப் பெண் முப்பத்து மூன்று நாள் அதே வீட்டில் எப்படி இருந்தாள்? அவள் அழுதபோது, "கொஞ்ச நாள்ல சரியாயிடும்மா, நான் இருக்கலையா?" என்று சமாதானம் சொன்னதும் தான்தான். இருந்தாள், வாஸ்தவம். மகனுடைய அப்பாவோடு இருபத்தெட்டு வருடம் இருந்தாள். சாவி தொலைந்ததற்கு ஒரு மாதம் பேசாதவர் அவர். அவர் இறந்து ஏழு வருடம் ஆகிறது. போன பிறகு வீட்டில் சத்தம் குறைந்ததாக அவளுக்குத் தோன்றியதே இல்லை.

அந்த ஞாயிறு பட்டத்தை மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள். "ஏங்க, அன்னைக்கு அந்தம்மா கேட்டப்ப நான் சொன்னது பொய்."

சம்பந்தியம்மா மடிப்பிலிருந்து மணலைத் தட்டியபடியே, "எது? ரெண்டு மூணு இருந்துச்சே" என்றார்.

"அவன் கலகலன்னு பேசுற பிள்ளைன்னு சொன்னது."

"எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்கிறது உங்களுக்கும் தெரியும். இத்தனை வாரமா ரெண்டு பேரும் அதைச் சுத்திச் சுத்தித்தானே வண்டி ஓட்டிக்கிட்டிருக்கோம்." பையின் வாயை இழுத்துக் கட்டினார். "அன்னைக்கு வீட்டுக்கு வந்து என் பொண்ணு என்ன கேட்டா தெரியுமா? 'நான் தப்பா எண்ணிட்டேனாம்மா'ன்னு கேட்டா. உக்காந்து ஒவ்வொரு புள்ளியா மறுபடி எண்ணினா. இதை என்கிட்டச் சொல்லி என்னங்க ஆகப்போகுது?"

பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. மற்றவர்கள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். எக்ஸ்ரேக்கா கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினாள்.

அந்தப் பெண் எங்கே இருக்கிறாள் என்பது தெரியும். பக்கத்து ஊர்ப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கேதான். இருபத்திரண்டு கிலோமீட்டர். பஸ்ஸில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. ஆனால் சொல்ல வேண்டியதை எடுத்துவைக்க முக்கால் மணி நேரம் போதாது என்று எக்ஸ்ரேக்காவுக்குத் தோன்றியது. புதன்கிழமை விடுப்புப் போட்டாள். விடிகாலையில் இரண்டு பாட்டில் தண்ணீரோடு கிளம்பினாள். ஆறு இடத்தில் நின்றாள். ஒரு இடத்தில், திரும்பிப் போய்விடலாம் என்று வண்டியைத் திருப்பக்கூடச் செய்தாள். லாரிக்காரர் ஒருவர் நிறுத்தி, "வழி தெரியலையாம்மா?" என்று கேட்டார். "தெரியுதுங்க, அதான் கஷ்டமா இருக்கு" என்று சொல்லிவிட்டு மறுபடி நேராகத் திருப்பினாள்.

நிலையத்துக்குள் நுழையும்போதே குரல் கேட்டது. "பயணிகளின் கவனத்திற்கு. நான்காம் மேடையில் நிற்கும் பேருந்து இன்னும் சில நிமிடங்களில் புறப்படும்." கூரையெங்கும் இருந்த ஒலிபெருக்கிகளிலிருந்து அந்தக் குரல் இறங்கியது. நிதானமான, அவசரப்படுத்தாத குரல். தன் வீட்டில் ஒரு காலத்தில் அந்தக் குரல் 'அத்தை, டீ போடவா?' என்று கேட்டுக்கொண்டிருந்தது. எக்ஸ்ரேக்கா சைக்கிளைப் பிடித்தபடி அந்தக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் அசையாமல் நின்றாள்.

அறிவிப்பு அறை ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஒரு மைக், ஒரு மின்விசிறி, கால அட்டவணை ஒட்டிய பலகை. கதவைத் தட்டியதும் அவள் திரும்பினாள். வியர்வையில் தொப்பலாக நனைந்து, முகம் சிவந்து, ஹெல்மெட்டோடு நின்ற உருவத்தை அடையாளம் காண அவளுக்குச் சில நொடி பிடித்தது.

"அத்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். "வாங்க. முதல்ல உக்காருங்க. என்ன இப்படி வந்திருக்கீங்க? யாருக்காவது ஏதாவதா?"

"யாருக்கும் ஒண்ணும் இல்லை. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு அந்தம்மா கேட்டாங்க இல்ல..."

மேஜையில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் கையைக் காட்டிவிட்டு மைக் பக்கம் குனிந்தாள். ஏழாம் மேடை, தாமதம், வருந்துகிறோம். நிமிர்ந்தாள். "சொல்லுங்க."

"அவனுக்கு அந்தப் பழக்கம் உண்டான்னு கேட்டாங்க. நான் இல்லைன்னு சொன்னேன். உண்டும்மா. பன்னெண்டு வயசுல முதல் தடவை. ஸ்கூல் பையை நான் மாத்தி வெச்சதுக்கு ஒன்பது நாள் பேசல. தெரிஞ்சேதான் இல்லைன்னு சொன்னேன்."

அந்தப் பெண் கால அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி விளக்கு எரிந்தது. இரண்டாம் மேடை. குரலில் ஒரு மாற்றமும் இல்லை. சொல்லி முடித்து மைக்கை அணைத்த பிறகு, "ஏன்?" என்று கேட்டாள்.

வழியெல்லாம் எக்ஸ்ரேக்கா யோசித்து வைத்திருந்த பதில் வேறு. வாயில் வந்தது இது: "அவனைக் காப்பாத்தணும்னு நினைச்சேன்னு சொன்னா அது பாதிதான். அவன் அப்படின்னு ஒத்துக்கிட்டா, அவங்கப்பாவும் அப்படின்னு ஒத்துக்கணும். அப்ப இத்தனை வருஷம் நீ என்ன பண்ணிட்டிருந்தேன்னு யாராவது கேட்டா நான் என்ன சொல்றது? உன் காலண்டரைப் பாத்ததும் எனக்குக் கோவம்தான் வந்துச்சு. நான் எண்ணாம விட்டதை நீ எண்ணிட்டியேன்னு."

அவள் மைக்கைக் கொஞ்சம் தள்ளிவைத்தாள்.

"என் வேலையைப் பாத்தீங்கல்ல" என்றாள் அந்தப் பெண். "நாள் பூரா பேசுவேன். யாரும் திருப்பிப் பேச மாட்டாங்க. இங்க அது பரவாயில்ல, ஆளுங்க பஸ் ஏறிப் போயிடுவாங்க. வீட்டுக்கு வந்தா அங்கயும் அதே." கண் கலங்கியது, அதைத் துடைக்காமலே பேசினாள். "அன்னைக்கு நீங்க ஒரு ஆமா சொல்லியிருந்தா எங்க பிரிவு ஒண்ணும் நின்னிருக்காது. ஆனா நான் கதை கட்டுறவ இல்லைன்னு அந்த ரூம்ல இருந்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்கே தெரிஞ்சிருக்கும்."

"ஆமா" என்றாள் எக்ஸ்ரேக்கா.

அதற்கு மேல் அவள் மன்னிப்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை. அந்தப் பெண் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள். எழுந்து வெளியே வந்து, கூரை விளிம்பில் படபடத்த பதாகையைப் பார்த்தாள். அம்மாவுக்குத் தப்பாமல் பிறந்தவள். "எதிர்காத்து ஆரம்பிச்சிடுச்சு. சைக்கிளை பஸ்ல ஏத்தச் சொல்றேன், அதுலயே போயிடுங்க."

"வந்தவளுக்குப் போகத் தெரியாதா?" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள் எக்ஸ்ரேக்கா. ஒன்பதாவது கிலோமீட்டரில் வீறாப்பு தீர்ந்துபோயிற்று. ஒரு விளம்பரப் பலகையின் நிழலில் உட்கார்ந்து, வந்த பஸ்ஸுக்குக் கைகாட்டினாள். கண்டக்டரும் அவளுமாகச் சைக்கிளைத் தூக்கி அடியில் இருந்த சாமான் பெட்டியில் படுக்கப்போட்டார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மணல்வெளியில் சம்பந்தியம்மா இருந்தார். பட்டத்தை ஏற்கெனவே விரித்து வைத்திருந்தார்.

"போனீங்களாமே."

"போனேன்."

"திரும்பும்போது பஸ்ஸாமே."

"அதுவும் தெரிஞ்சு போச்சா?"

"கண்டக்டர் சொல்லியிருக்காரு அவகிட்ட. ஒரு அம்மா பாதி வழியில சைக்கிளோட நின்னு, என்னவோ டாக்ஸியை நிறுத்துற மாதிரி பஸ்ஸை நிறுத்தினாங்கன்னு." சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பு எங்கோ பக்கத்தில் இருந்தது. "அவ ரெண்டு நாள் என்கிட்ட சரியா பேசல. நேத்து வந்து அந்தக் காலண்டரை எடுத்துப் பழைய பேப்பரோட போட்டுட்டா. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. இந்த ஓரத்தைப் பிடிங்க."

எக்ஸ்ரேக்கா ஓரத்தைப் பிடித்தாள்.

மகன் கூப்பிட்டது நாற்பத்தோராவது நாள், வேலை நேரத்தில். "சாப்பிட்டியா?" என்று கேட்டான், நேற்றுத்தான் பேசியவன் போல. அவன் அப்பாவும் இப்படித்தான். மாதக்கணக்கில் பேசாமல் இருந்துவிட்டு, ஒருநாள், "கடிகாரம் நின்னுபோச்சா?" என்பார். அவளும் ஏதோ பரிசு கிடைத்தவள் போல ஓடிப்போய்க் கடிகாரத்தைப் பார்ப்பாள். அதோடு எல்லாம் முடிந்தது என்று அர்த்தம். இப்போதும் 'சாப்பிட்டேன்' என்ற பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"நாப்பத்தோரு நாள் ஆச்சுடா" என்றாள்.

அவன் போனைக் காதிலிருந்து எடுக்கிற சலசலப்பு கேட்டது.

"வெச்சிடாதே. நான் அவளைப் போய்ப் பாத்தேன். உன்னைப் பத்தி அன்னைக்கு நான் சொன்னது பொய்னு அவகிட்ட சொல்லிட்டேன். கோவம்னா கத்து. திட்டு. ஆனா பேசு."

மூச்சுவிடும் சத்தம் மட்டும் வந்தது. கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்த நோயாளியிடம், ஐந்து நிமிடம் என்று விரலைக் காட்டினாள். அவர் வீங்கிய மணிக்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

"என்ன பேசுறதுன்னு தெரியலம்மா" என்றான் மகன் கடைசியில். "அந்த மாதிரி நேரத்துல வாயைத் திறந்தா என்ன ஆகுமோன்னு இருக்கும். நாள் ஆக ஆக, எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியாது."

"அதையே பேசு."

அவன் பேசினான். தட்டுத்தடுமாறி, சுற்றிவளைத்து, பாதி ஆபீஸைப் பற்றி, பாதி அப்பாவைப் பற்றி. முடிவில், "அவ எப்படி இருக்கா?" என்று கேட்டான்.

"வேலைக்குப் போறா. நல்லா இருக்கா. அதுக்கு மேல நீ என்கிட்ட கேக்கவும் கூடாது, நான் சொல்லவும் கூடாது."

"ம்" என்றான். அந்த 'ம்' ஒரு பதிலாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அவன் ஒரேயடியாக மாறிவிட்டான் என்று சொல்வதற்கில்லை. நடுவில் நான்கு நாள், ஐந்து நாள் என்று காணாமல் போவான். திரும்பி வரும்போது, "அஞ்சு நாள் ஆயிடுச்சும்மா" என்று அவனே சொல்வான். ஒருமுறை, எழுதிவைத்துக்கொண்டு பேசினால் சுலபமாக இருக்கிறது என்றான். சரி, எழுதிவைத்துக்கொள் என்றாள். அந்தப் பெண்ணுக்கு அவன் ஒரு கடிதம் எழுதி, அனுப்பலாமா என்று கேட்டபோது, அதை முடிவு செய்ய வேண்டியவள் தான் இல்லை என்று சொல்லிவிட்டாள். அனுப்பினானா என்பது அவளுக்குத் தெரியாது.

பாலத்தின் கடைசி விளக்குக் கம்பம் வரை இப்போது மிதித்தே ஏறுகிறாள், காற்று தயவு வைத்தால். போன ஞாயிறு காற்றே இல்லை. பட்டங்கள் எல்லாம் மணலில் சுருண்டு கிடந்தன. சம்பந்தியம்மா வண்டியின் சக்கரத்தைக் கழற்றி மணலைத் தட்டிக்கொண்டிருந்தார். பொழுது போகாமல், "ஏங்க, அந்த சைக்கிளைக் கொஞ்சம் கொடுங்க, எனக்குச் செயின் மாட்டத்தான் தெரியும், நானும் ஓட்டிப் பாக்கிறேன்" என்றார். ஏறினார். பத்தடி போவதற்குள் வலப்பக்கம் சாய்ந்து, இடப்பக்கம் சாய்ந்து, காலை ஊன்றி நின்றார்.

"சீட்டைக் கெட்டியா பிடிச்சுக்கிறேன், நேரா பாத்து மிதிங்க" என்று சொல்லிக்கொண்டே எக்ஸ்ரேக்கா பின்னால் ஓடினாள். மூச்சு வாங்கத்தான் செய்தது. சாலை முடிகிற வரைக்கும் ஓடினாள்.